சிறுநீரகம் பழுதான வீட்டில் மெடிக்கல் கார்டை நிறுத்தலாமா?

டயாலிசிஸ் வாரத்திற்கு 3 முறை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். மாதத்திற்கு 13 முறை, ஆண்டுக்கு 156 முறை. ஒரு முறைக்கு 200 ரிங்கிட் என்று கணக்கிட்டாலே மாதம் 2,600 ரிங்கிட் ஆகிறது. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், சிறுநீரகம் செயலிழந்த ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பது விளங்கிவிடும்.

இந்த நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் காப்புறுதிக் கட்டணம்தான். வாடகையை நிறுத்த முடியாது, கார் தவணையை நிறுத்த முடியாது, பிள்ளைகளின் பள்ளி பேருந்துக் கட்டணத்தையும் நிறுத்த முடியாது. மெடிக்கல் கார்டை மட்டும் நிறுத்தினால் உடனே யாரும் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. அதனால் அதுவே முதலில் போகிறது. குடும்பத்தின் நிலையைப் பார்த்தால் இது புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான். ஆனால் ஆவணத்தைப் படிக்காமல் எடுக்கும்போது, பல வேளைகளில் இதுவே மிக விலையுயர்ந்த முடிவாகிவிடுகிறது.

ஓர் உதாரணத்துக்கு, கிள்ளான் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 52. தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீர். மனைவி வீட்டில் இருக்கிறார். மகன் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, மகள் இன்னும் படிக்கிறாள். பத்து ஆண்டுகளுக்கு முன், இனிப்பு நீர் இருப்பதை மறைக்காமல் சொல்லி, உறவுக்காரர் ஒருவரிடம் எடுத்த காப்புறுதி இருக்கிறது. அதற்கு மாதம் 280 ரிங்கிட் போகிறது. சிறுநீரக மருத்துவர் டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று சொன்ன அதே மாதத்தில், கட்டணம் உயர்கிறது என்ற கடிதமும் வருகிறது. இக்குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

விட்டால் திரும்பக் கிடைக்காது

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மெடிக்கல் கார்டு ஒரு வழிப்பாதை என்பது. கட்டணத் தேதி தாண்டினால் பொதுவாக 30 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் கட்டாவிட்டால் காப்புறுதி காலாவதியாகும். பிறகு அதை உயிர்ப்பிக்க வேண்டுமானால் உடல்நிலை குறித்துப் புதிதாக அறிவிக்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவரின் விண்ணப்பத்தை ஏற்பதா என்பது நிறுவனத்தின் விருப்பம். வேறு நிறுவனத்திற்குப் போனாலும் ஏற்கெனவே உள்ள நோய் என்று சொல்லிச் சிறுநீரகத்தை ஒதுக்கிவிடுவார்கள், அல்லது விண்ணப்பத்தையே மறுப்பார்கள். அப்படியே ஏற்றாலும் காத்திருப்புக் காலம் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பொதுவான நோய்களுக்கு 30 நாள், இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் போன்றவற்றுக்கு 120 நாள்.

ஆகவே, "இதை விட்டுவிட்டு மலிவாக வேறொன்று எடுத்துக் கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், சொல்பவர் எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. புதிய காப்புறுதியில் முகவருக்குக் கமிஷன் உண்டு. நோயாளிக்கு அதில் எதுவும் இல்லை.

ஆவணத்தில் தேட வேண்டிய மூன்று வரிகள்

காப்புறுதிப் புத்தகத்தை முகவர் கொடுத்த நாளிலிருந்து திறந்தே பார்க்காத வீடுகள்தான் அதிகம். அலமாரியில் பிறப்புப் பத்திரங்களோடு இருக்கும். அதை எடுத்து, ஆங்கிலமோ மலாயோ படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, கட்டண விலக்கு. காப்புறுதியோடு சேர்த்து எடுக்கப்படும் இந்தக் கூடுதல் பாதுகாப்பை வேய்வர் என்று முகவர்கள் சொல்வார்கள். காப்புறுதி எடுத்தவருக்கோ, கட்டணம் செலுத்துபவருக்கோ பட்டியலிடப்பட்ட கொடிய நோய் வந்தால், எஞ்சிய காலத்திற்கு அந்தக் கட்டணத்தை நிறுவனமே ஏற்றுக்கொள்ளும். மலேசிய ஆயுள் காப்புறுதித் துறை பயன்படுத்தும் 36 கொடிய நோய்களின் பட்டியலில் சிறுநீரகச் செயலிழப்பும் இருக்கிறது. மேற்கண்ட கிள்ளான் குடும்பத்தின் காப்புறுதியில் இந்த விலக்கு இருந்தால், அவர்கள் கட்ட முடியாமல் தவிக்கும் அந்த 280 ரிங்கிட்டை இனிக் கட்டவே தேவையில்லாமல் போகலாம். ஆனால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். குடும்பம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கட்டாமல் காப்புறுதி காலாவதியான பிறகு போய்க் கேட்டால், கேட்பதற்கே எதுவும் இருக்காது.

இரண்டாவது, கொடிய நோய்க்கான மொத்தத் தொகை. மெடிக்கல் கார்டும் இதுவும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்டு மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்தும். கொடிய நோய்க் காப்புறுதியோ, நோய் உறுதியானதும் ஒரு தொகையைக் கையில் கொடுக்கும். அதை வாடகைக்கும் பயன்படுத்தலாம், டயாலிசிஸுக்கும் பயன்படுத்தலாம். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இரு சிறுநீரகங்களும் மீள முடியாதபடி செயலிழந்து, தொடர்ச்சியான டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதே விதி. மருத்துவர் "ஐந்தாம் கட்டம்" என்று சொல்லிவிட்டார் என்பது மட்டும் போதாது. டயாலிசிஸ் தொடங்கிய தேதியைக் காட்டும் மருத்துவ அறிக்கை வேண்டும்.

மூன்றாவது, மெடிக்கல் கார்டில் டயாலிசிஸுக்கு எவ்வளவு என்பது. மருத்துவமனையில் தங்காமல் செய்துகொள்ளும் டயாலிசிஸை, புற்றுநோய் சிகிச்சையைப் போலவே தனிப் பிரிவாகக் குறித்திருப்பார்கள். சில பழைய திட்டங்களில் ஆண்டு வரம்பு, ஆயுள் வரம்பு என இரண்டும் இருக்கும். ஒரு முறைக்கு 200 ரிங்கிட் வீதம் 156 முறைக்கு ஆண்டுக்கு 31,200 ரிங்கிட் ஆகிறது. கார்டின் ஆண்டு வரம்பு 30,000 என்றால் டிசம்பரில் பை காலி. ஆயுள் வரம்பு 100,000 என்றால் நான்காம் ஆண்டில் மூடிவிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் சொக்சோவை எப்போது நாடுவது, தொண்டூழிய மையத்தில் எப்போது பெயர் கொடுப்பது என்று திட்டமிட முடியும்.

டயாலிசிஸுக்காகக் கையில் செய்யப்படும் ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சையும் கார்டில் அடங்குமா என்று கேட்க மறக்கக் கூடாது. அது பயன்பாட்டுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். முன்கூட்டியே செய்துகொள்ளாதவர்களுக்குக் கழுத்தில் குழாய் பொருத்தி அவசரமாகத் தொடங்க வேண்டியிருக்கும். தொற்று அபாயமும் அதில்தான் அதிகம்.

உயர்ந்த கட்டணத்தை என்ன செய்வது?

கட்டணம் உயர்ந்ததற்கு "நாம் அதிகம் கிளைம் செய்துவிட்டோம்" என்று நோயாளி தன்னையே நொந்துகொள்வதுண்டு. உண்மை அப்படியல்ல. ஒரே திட்டத்தில் உள்ள எல்லாருக்குமாகச் சேர்த்தே கட்டணம் மாற்றப்படுகிறது, தனி ஒருவரின் கிளைமுக்காக அல்ல. வயது கூடும்போது உயர்வது தனிக் கணக்கு.

2024 இறுதியில் 40 முதல் 70 விழுக்காடு வரை உயர்வு என்ற செய்திகள் வந்து பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. அதன் பிறகு அந்த ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா இடைக்கால நடவடிக்கைகளை அறிவித்தது. மருத்துவச் செலவு உயர்வினால் ஏற்படும் கட்டண உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும். குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்கும். ஆகக் குறைந்த திட்டத்தில் உள்ள 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் ஓராண்டு உயர்வு நிறுத்தி வைக்கப்படும். இந்த ஏற்பாடு 2026 இறுதி வரைக்கானது. 2024இல் கட்டண உயர்வைத் தாங்க முடியாமல் கைவிட்டவர்களுக்கு, புதிய உடல்நிலை ஆய்வு இல்லாமல் மீண்டும் சேரவும் வழி செய்யப்பட்டது. கடிதத்தில் உள்ள உயர்வு இந்த ஏற்பாட்டுக்கு உட்பட்டதா என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகப்பில் எழுத்து மூலமாகக் கேட்கலாம். முகவரிடம் வாய்மொழியாகக் கேட்டதற்குப் பிறகு சாட்சி இருக்காது.

அப்படியும் கட்ட முடியாவிட்டால், நிறுத்துவதற்கு முன் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். அறைக் கட்டணம் 200 ரிங்கிட் உள்ள திட்டத்திலிருந்து 150க்கு இறங்கலாம். தேவையில்லாத கூடுதல் அம்சங்களை எடுத்துவிடலாம். அந்த எடுத்துவிடும் பட்டியலில் கட்டண விலக்கு மட்டும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவில் ஒரு பகுதியை நோயாளியே ஏற்கும் இணைச் செலுத்து திட்டங்களின் கட்டணம் குறைவு. டயாலிசிஸ் நோயாளிக்கு இது ஆபத்து என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பேங்க் நெகாராவின் விதிப்படி அவசரச் சிகிச்சை, அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற கொடிய நோய்களுக்கான தொடர் சிகிச்சை ஆகியவற்றுக்கு இந்தப் பங்கை வசூலிக்கக் கூடாது. எனவே டயாலிசிஸைப் பொறுத்தவரை அச்சம் அவ்வளவு தேவையில்லை. ஆனால் திட்டம் மாறும்போது சிறுநீரகப் பாதுகாப்பு விடுபடாமல் அப்படியே தொடரும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

முதலீட்டுடன் இணைந்த காப்புறுதி என்றால் இன்னொரு பொறியும் இருக்கிறது. "கட்டாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் பணத்திலிருந்து ஓடும்" என்பார்கள். ஓடும், உண்மைதான். உள்ளே இருக்கும் பணம் தீரும் வரைதான் ஓடும். வயது கூடக் கூட மாதாமாதம் கழிக்கப்படும் தொகையும் கூடும். எத்தனை மாதம் தாங்கும் என்று ஆண்டறிக்கையைக் காட்டிக் கேட்க வேண்டும்.

சொக்சோ: ஒன்பது வெள்ளிக்கும் குறைவான பாதுகாப்பு

காப்புறுதிக்கு மாதம் நூற்றுக்கணக்கில் கட்டிக்கொண்டே, சம்பளத்தில் ஏற்கெனவே பிடிக்கப்படும் ஒரு பாதுகாப்பை மறந்துவிடும் குடும்பங்கள் ஏராளம். சொக்சோவுக்குத் தொழிலாளி செலுத்துவது சம்பளத்தில் அரை விழுக்காடு, முதலாளி செலுத்துவது 1.75 விழுக்காடு. 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு அது மாதம் ஒன்பது வெள்ளிக்கும் குறைவு. வேலையிடத்து விபத்துக்கு மட்டும்தான் சொக்சோ என்று தோட்டத்திலும் பட்டணத்திலும் பரவலாக ஓர் எண்ணம் இருக்கிறது. நோயினால் வேலை செய்ய இயலாமல் போவதற்கும் அதில் தனித் திட்டம் உண்டு. அதன் கீழ் தகுதி பெறுபவருக்கு டயாலிசிஸ் செலவையும் சொக்சோ அங்கீகரித்த மையத்திற்கே செலுத்துகிறது.

தகுதி என்பது சந்தாவைப் பொறுத்தது. அறிவிப்பு கொடுத்த மாதத்திற்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டப்பட்டிருந்தால் முழுத் தகுதி கிடைக்கும். அது அமையாதவர்களுக்கு மொத்தச் சந்தா மாதங்களைக் கணக்கிடும் வேறு வழிகளும், குறைந்த விகித ஓய்வூதியமும் உள்ளன. 60 வயதைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிப்பது முக்கியம்.

இந்த 40 மாதக் கணக்கில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சிறுநீரகம் கெட்டதும் மனமுடைந்து வேலையை விட்டுவிட்டு, நாட்டு மருந்தையும் கோயில் கோயிலாகச் சுற்றுவதையும் நம்பி இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டு, கடைசியில் யாரோ சொன்னதைக் கேட்டுச் சொக்சோவுக்குப் போவார்கள். அதற்குள் 40 மாதத்தில் 24 மாதம் வெறுமையாகக் கிடக்கும். சந்தாவை ஒழுங்காகக் கட்டியவரே தகுதியை இழந்துவிடும் கொடுமை இது. டயாலிசிஸ் தேவை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தவுடன், வேலை விலகல் கடிதம் எழுதுவதற்கு முன்பே சொக்சோ அலுவலகத்திற்குப் போய்விட வேண்டும்.

நோயினால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாத நிலையை மருத்துவக் குழு உறுதிப்படுத்தினால், சராசரி மாதச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாத ஓய்வூதியம் கிடைக்கும். டயாலிசிஸ் செய்துகொண்டே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்றாலும், சந்தாத் தகுதி இருந்தால் டயாலிசிஸ் வசதிக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளிகள் பலருக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அதனால் நேராகச் சொக்சோ முகப்பிலேயே கேட்பது மேல்.

குத்தகையாளரிடம் பாதுகாவலராகவோ, துப்புரவுப் பணியாளராகவோ, பழம் வெட்டுபவராகவோ வேலை செய்கிறவர்கள், நோய் வரும்வரை காத்திராமல் தங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருப்பதும், சொக்சோ கணக்கில் பணம் சேர்வதும் வேறு வேறு. கட்டாமல் விட்டது முதலாளியின் சட்டக் குற்றம், தொழிலாளியின் தவறல்ல. சொக்சோவில் புகார் செய்யலாம்.

சொந்த லோரி ஓட்டுபவர், இ-ஹெய்லிங் ஓட்டுநர், நாசி லெமாக் கடை வைத்திருப்பவர் ஆகியோருக்கான சுயதொழில் திட்டம் வேலை சார்ந்த விபத்துகளுக்கானது. சிறுநீரக நோய் அதில் வராது. தமிழர் குடும்பங்களில் இந்தப் பெரிய ஓட்டை பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. முன்பு சம்பள வேலையில் பல ஆண்டு சந்தா கட்டியிருந்தால் அந்தப் பழைய கணக்கு உதவுமா என்று கேட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருக்கும் மனைவிமாருக்கு 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகள் திட்டம் உண்டு. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். நோயினால் ஏற்படும் இயலாமைக்கும் அதில் இடமுண்டு, ஆனால் சேர்வதற்கு முன்பே இருந்த இயலாமைக்கு இல்லை.

மற்ற கதவுகள்

அரசாங்க ஊழியர்களும் அரசாங்க ஓய்வூதியக்காரர்களும் தங்கள் துறையின் மூலம் டயாலிசிஸ் செலவைக் கோரலாம். மகனோ மகளோ அரசாங்கப் பணியில் இருந்தால் பெற்றோருக்கும் வழியிருக்கிறதா என்று துறையில் விசாரிக்க வேண்டும்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் மூன்று கணக்குகள் உள்ளன. அவற்றில் 'செஜாத்தெரா' கணக்கிலிருந்து கொடிய நோய் சிகிச்சைக்காக மீட்கலாம். தனக்காக மட்டுமல்ல, துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்காகவும் எடுக்கலாம். ஆனால் இதை முதல் கதவாகத் தட்டக் கூடாது. சேமநிதி கரைந்தால் திரும்பாது. சொக்சோவில் கிடைக்க வேண்டியதைக் கேட்காமல் சேமநிதியைக் கரைத்துவிட்ட பின், வயதான காலத்தில் இருவருக்கும் எதுவும் மிஞ்சாது.

எந்தக் காப்புறுதியும் சந்தாவும் இல்லாதவர்கள் பொது மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குப் போக வேண்டும். பெரியாஸ்பத்திரியில் மருந்து வாங்கும் இடம் தெரிந்த அளவுக்கு இந்தப் பிரிவு இருக்குமிடம் நம்மவர்களுக்குத் தெரிவதில்லை. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கான விண்ணப்பம், தொண்டூழிய டயாலிசிஸ் மையங்களுக்கான பரிந்துரை, சமூகநல இலாகா உதவி எல்லாம் இங்கிருந்தே நகரும். தேசிய சிறுநீரக அறநிறுவனம் போன்ற தொண்டூழிய அமைப்புகளின் மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு, ஆனால் இடத்திற்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால்தான் கார்டின் வரம்பு முடியும் வரை காத்திராமல் முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் மாநில ஜக்காத் அமைப்பையும் நாடலாம். மித்ராவின் உதவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. இப்போது திறந்திருக்கிறதா என்று கேட்ட பிறகே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தோட்டத்தில் வாழ்பவர்களுக்கு இன்னொரு கேள்வி: வாரத்திற்கு மூன்று முறை பட்டணம் போய்வருவது யார் காரில்? வயிற்றுவழி டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு நாளைக்குப் பொதுவாக நான்கு முறை திரவப் பையை மாற்ற வேண்டும். சுத்தமான ஓர் அறையும், பழகிக்கொண்ட ஒரு துணையும் இருந்தால் போதும். சுகாதார அமைச்சும் இதை ஊக்குவித்து வருகிறது. மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நோயாளியே கேட்கலாம். பெட்ரோல் காசு மட்டுமல்ல, ஓட்டிச் செல்லும் மகனின் வேலை நாளும் மிச்சமாகும்.

கிளைம் மறுக்கப்பட்டால்

"இனிப்பு நீர் இருந்ததை மறைத்துவிட்டீர்கள்" என்பதுதான் சிறுநீரக கிளைம்கள் மறுக்கப்படும்போது அடிக்கடி சொல்லப்படும் காரணம். நோய் இருப்பதை முகவரிடம் சொல்லியிருப்பார்கள், அவர் பாரத்தில் "இல்லை" என்று குறித்திருப்பார். சொன்னதற்குச் சாட்சி இருந்தால் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, ஆயுள் காப்புறுதி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்துவிட்டால், மோசடியாக மறைக்கப்பட்டது என்று நிறுவனம் காட்டினால்தான் அதை ரத்து செய்ய முடியும். தெரியாமலோ கவனக்குறைவாலோ விடுபட்டது அதற்குப் போதாது.

நிறுவனத்தின் இறுதி முடிவு எழுத்தில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள், 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பான எஃப்எம்ஓஎஸ்ஸிடம் புகார் கொடுக்கலாம். காப்புறுதி வழக்குகளில் 250,000 ரிங்கிட் வரை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. மறுப்புக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போட்டால் அந்த ஆறு மாதத்தைக் கணக்கிடத் தேதியே இருக்காது.

நோயாளியின் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. உதவித் தொகை பெறும் பி40 குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை இலவசம். பதிவுபெற்ற தனியார் கிளினிக்கிலும் அரசாங்கக் கிளினிக்கிலும் அடையாள அட்டையைக் காட்டினால் தகுதியைப் பார்த்துச் சொல்வார்கள்.